பிளேடுக்கு அப்பால்: சலூன்களில் தொற்றுத் தடுப்பு

சவரக் கத்தி முடியை மட்டும் எடுப்பதில்லை. மேல்தோலின் புற அடுக்கையும் சேர்த்துச் சீவிக்கொண்டு போகிறது. கண்ணுக்குத் தெரியும் வெட்டு ஒன்று விழுந்தால், தெரியாத சிராய்ப்புகள் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். முடி வெட்டும் மிஷினின் பற்கள் காதோரத்திலும் பிடரியிலும் இதையே செய்கின்றன. நோய்க்கிருமி உடலுக்குள் புகாமல் தடுக்கும் முதல் அரண் தோல். அந்த அரணில் சிறு சிறு திறப்புகளை உண்டாக்கும் கருவிகள் சில நிமிட இடைவெளியில் அடுத்தவருக்குக் கைமாறுகின்றன என்பதே சலூனில் தொற்றுத் தடுப்பு தேவைப்படுவதற்குக் காரணம்.

தமிழ்நாட்டில் இந்த விழிப்புணர்வு எச்.ஐ.வி. வழியாகவே பரவலாக வந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் பிரசாரம் சலூன்களின் பழக்கத்தையே மாற்றியது. தோல்வாரில் தீட்டி எல்லோருக்கும் பயன்படுத்திய பழைய கத்தி மெல்ல மறைந்து, பாதியாக உடைத்த பிளேடைச் செருகும் கத்தி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் “புது பிளேடு போடுங்க” என்று கேட்பது இயல்பானது. அது பெரிய நன்மை. ஆனால் அதோடு கடமை முடிந்தது என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. பிளேடு மாறுகிறது, அதைப் பிடித்திருக்கும் கத்தியின் பள்ளத்தில் தங்கும் சோப்பு நுரையும் தோல் துகளும் மாறுவதில்லை. சீப்பு, மிஷின், துண்டு, பிரஷ், படிகாரக் கல் ஆகியவை காலையிலிருந்து இரவு வரை அதே சீப்பாகவும் அதே கல்லாகவும் இருக்கின்றன.

எச்.ஐ.வி. உடலுக்கு வெளியே வலுவற்ற வைரஸ். இரத்தம் உலர உலர அதன் தொற்றும் திறன் வேகமாகக் குறைகிறது. சலூனில் கூடுதலாக அஞ்ச வேண்டியது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி. உலர்ந்த இரத்தத்தில், மேசை மீதோ கத்தி மீதோ, குறைந்தது 7 நாட்கள் இது தொற்றும் திறனோடு இருக்கும். கண்ணுக்கு இரத்தமே தெரியாத பரப்பிலும் நோயைக் கடத்தப் போதுமான வைரஸ் இருக்கக்கூடும். மருத்துவமனைகளில் ஊசி குத்திய விபத்துகளை ஆராய்ந்ததில், எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசியால் தொற்று ஏற்படும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றோடும், 55 லட்சம் பேர் ஹெபடைடிஸ் சி தொற்றோடும் வாழ்ந்தனர். இவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தங்களுக்குத் தொற்று இருப்பதே தெரியாது. பல ஆண்டுகளுக்கு எந்த அறிகுறியும் இராது.

வாடிக்கையாளரின் தோற்றத்தைப் பார்த்தோ, அவரிடம் கேட்டோ நோயை அறிய முடியாது என்பது இதிலிருந்து தெளிவு. நோய் உள்ளவரை அடையாளம் கண்டு விலக்குவது அறிவியல் அடிப்படையற்றது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் பாகுபாடு காட்டுவதை 2017ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்தும் இருக்கிறது. எல்லோரிடமும் தொற்று இருக்கலாம் என்று கொண்டு, எல்லோருக்கும் ஒரே பாதுகாப்பு முறையைக் கடைப்பிடிப்பதே உலகெங்கும் மருத்துவமனைகள் பின்பற்றும் விதி. சலூனுக்கும் அதுதான் பொருந்தும்.

எச்.ஐ.வி. அழகு நிலையம் வழியாகப் பரவியது உறுதி செய்யப்பட்ட நிகழ்வும் உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க் நகரில், உரிமம் இல்லாமல் நடந்த ஓர் அழகு நிலையத்தில், வாடிக்கையாளரின் இரத்தத்தை எடுத்து நுண்ஊசிகளால் முகத்தில் செலுத்தும் ஃபேஷியல் செய்தார்கள். 2018இல் அங்கு சென்ற ஒரு பெண்ணுக்கு, வேறெந்தக் காரணமும் இல்லாமல், எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. ஆய்வாளர்கள் சென்றபோது, பெயர்ச்சீட்டு ஒட்டாத, இரத்தம் அடைத்த குழாய்கள் சமையலறையில் இருந்தன. உறை பிரிக்கப்பட்ட ஊசிகள் இழுப்பறைகளில் கிடந்தன. இந்த நிகழ்வு பற்றிய விரிவான அறிக்கை 2024இல் வெளிவந்தது. அதன் பாடம் குறிப்பானது. தோலைத் துளைக்கும் எந்தச் சிகிச்சையும் அழகுக்கலைக்குள் வந்துவிட்டால், அது மருத்துவத்தின் விதிகளுக்கு உட்பட்டாக வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் அது நடக்கவே கூடாது.

இரத்தம் வழி பரவும் வைரஸ்கள் கடுமையானவை. ஆனால் சலூனில் அன்றாடம் நடக்கும் தொற்று பூஞ்சையாலும் பாக்டீரியாவாலும் வருவது. படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைகள் முடி, நகம், மேல்தோல் ஆகியவற்றிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வளர்கின்றன. உதிர்ந்த முடித் துணுக்கிலும் தோல் செதிலிலும் அவற்றின் வித்துகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மிஷினின் பற்களுக்கிடையே அடைந்து கிடக்கும் முடித்தூளைவிட அவற்றுக்கு வசதியான வாகனம் இல்லை. பிடரியையும் காதோரத்தையும் ஒட்ட மழிக்கும் ‘ஃபேட்’ வெட்டு இளைஞர்களிடையே பரவிய பிறகு, டிரைக்கோஃபைட்டன் டான்சூரான்ஸ் என்ற பூஞ்சையால் வரும் தலைத் தொற்று ஸ்பெயின், ஜெர்மனி, பிரிட்டன் ஆகிய நாடுகளில் சலூன்களோடு தொடர்புடையதாகப் பதிவாகியிருக்கிறது. இந்தியாவின் சிக்கல் இன்னொன்று. டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்று 2020இல் பெயரிடப்பட்ட பூஞ்சை, வழக்கமாகத் தரப்படும் டெர்பினஃபின் மருந்துக்குப் பெரும்பாலும் அடங்குவதில்லை. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் அரிப்பைத் தணித்து, பூஞ்சையை இன்னும் பரவ விடுகின்றன. வட்டமாகச் சிவந்த படையோ, முடி முறிந்து செதில் படர்ந்த திட்டோ கண்ணில் பட்டால், அந்த இடத்தில் கருவி வைக்காமல், தோல் மருத்துவரைப் பார்க்கும்படி தாழ்ந்த குரலில் சொல்வது முடிதிருத்துநர் செய்யக்கூடிய பெரிய உதவி. பக்கத்தில் காத்திருப்பவர்கள் கேட்கும்படி சொல்லத் தேவையில்லை.

பாக்டீரியாக்களில் முதன்மையானது ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ். நலமாக இருப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் மூவரின் மூக்குக்குள் இது எந்தத் தொல்லையும் தராமல் வாழ்கிறது. மயிர்க்காலில் இறங்கிவிட்டால் தாடிப் பகுதியில் சீழ்க்கொப்புளங்களை உண்டாக்குகிறது. மரு, பாலுண்ணி போன்றவற்றின் வைரஸ்களும் பிளேடின் போக்கிலேயே பரவும்; ஒரு மருவின் மேல் ஓடிய கத்தி அதே முகத்தில் நான்கு இடத்தில் மருவை விதைத்துவிடும். பேன் தலையை விட்டு இறங்கினால் ஓரிரு நாளுக்கு மேல் பிழைக்காது. ஆனால் ஒரே சீப்பு அடுத்த தலைக்குப் போக அவ்வளவு நேரம் ஆவதில்லை.

கருவிகளைக் கையாளும் முறையில் மூன்று படிகள் உண்டு. முதலாவது, அழுக்கையும் முடியையும் எண்ணெயையும் சோப்பால் கழுவி அகற்றுவது. இரண்டாவது, மிஞ்சிய கிருமிகளை மருந்தாலோ வெப்பத்தாலோ அழிக்கும் கிருமிநீக்கம். மூன்றாவது, எளிதில் சாகாத பாக்டீரிய வித்துகள் உட்பட எதையும் விடாமல் ஒழிக்கும் முற்றொழிப்பு. எந்தக் கருவிக்கு எந்தப் படி என்பதற்கு அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஏர்ல் ஸ்பால்டிங் 1968இல் வகுத்த பகுப்பு இன்றும் பயன்படுகிறது. முழுத் தோலை மட்டும் தொடுவதற்குக் குறைந்த அளவு கிருமிநீக்கம் போதும். தோலைத் துளைத்து உள்ளே போவதற்கு முற்றொழிப்பு வேண்டும். இதன்படி பிளேடு, ஊசி, இரத்தக்கசிவை உண்டாக்கும் கருவிகள் ஆகியவை ஒருமுறை பயன்படுத்தி எறியப்பட வேண்டும், அல்லது நீராவி அழுத்தத்தில் இயங்கும் ஆட்டோகிளேவுக்குப் போக வேண்டும். சீப்புக்கு அவ்வளவு தேவையில்லை.

மூன்று படிகளில் அதிகம் தவறவிடப்படுவது முதல் படி. அழுக்கு சீப்பை அப்படியே மருந்து நீரில் போடுவது வழக்கமாகவே இருக்கிறது. முடியும் எண்ணெயும் தோல் துகளும் கிருமிகளுக்கு மேல் ஒரு போர்வையாகப் படிந்துவிடுகின்றன. மருந்து அதைத் தாண்டி உள்ளே போவதில்லை. குளோரின் போன்ற மருந்து அந்த அழுக்கோடு வினைபுரிந்தே தன் வலிமையை இழந்துவிடுகிறது. சோப்பு நீரில் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, அலசி, நீர் வடிந்த பிறகே கருவி மருந்துக்குப் போக வேண்டும். சோப்புக்கே தனிச் சிறப்பும் உண்டு: ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி., கொரோனா போன்ற வைரஸ்களின் வெளியுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் குலைத்துவிடும்.

மருந்துகளில் மலிவானதும் வலுவானதும் சோடியம் ஹைப்போகுளோரைட். கடைகளில் 5 சதவீத அளவில் கிடைப்பதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்தால் 0.5 சதவீதக் கரைசல் கிடைக்கும். இரத்தம் பட்ட இடத்துக்கும் பொருளுக்கும் இது உகந்தது. 10 நிமிடம் ஊற வேண்டும். இரத்தம் படாத மேசை, நாற்காலிக் கைப்பிடி போன்றவற்றுக்கு 49 பங்கு தண்ணீர் கலந்த 0.1 சதவீதக் கரைசல் போதும். வெயிலிலும் வெப்பத்திலும் குளோரின் பறந்துபோவதால் கரைசலை அன்றன்றே தயாரிக்க வேண்டும். எஃகு இதில் நெடுநேரம் கிடந்தால் துருப்பிடிக்கும், எனவே 10 நிமிடத்துக்குப் பின் நல்ல நீரில் அலசித் துடைக்க வேண்டும். கழிப்பறைக்கு ஊற்றும் அமிலத்தோடு இதைக் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு எழும். ஒரே வாளியில் இரண்டையும் ஊற்றுவது உயிருக்கே ஆபத்து.

ஆல்கஹால் எனப்படும் சாராயக் கரைசலில் 70 சதவீதமே சிறந்தது. கிட்டத்தட்ட முழுச் சாராயம் அதைவிடக் குறைவாகவே வேலை செய்யும். கிருமியின் புரதத்தைக் குலைக்க நீரும் தேவைப்படுகிறது என்பது இதற்குக் காரணம். தெளித்த உடனே துடைத்துவிட்டால் பயன் இல்லை. பரப்பு ஈரமாகவே சிறிது நேரம் இருக்க வேண்டும். மருவின் வைரஸ் போன்ற, கொழுப்புறை இல்லாத வைரஸ்களிடம் சாராயம் சரியாகச் செல்லுபடியாகாது. எளிதில் தீப்பற்றும் என்பதால் முடி உலர்த்தும் கருவிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. காயத்துக்குப் போடும் டெட்டால் போன்ற நீர்மத்தை ஒரு குவளைத் தண்ணீரில் சில சொட்டு விட்டு, நாள் முழுக்க எல்லாக் கருவிகளையும் அதில் முக்கி எடுப்பது கிருமிநீக்கமே ஆகாது. பத்தாவது வாடிக்கையாளருக்குள் அந்த நீர் கிருமிகளின் தேக்கமாகிவிடுகிறது.

மருந்தைவிட நம்பகமானது வெப்பம். ஆட்டோகிளேவ் 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடத்தில் வித்துகளையும் அழிக்கிறது. அது இல்லாத சிறு கடையில், கழுவிய கத்தரிக்கோலையும் இடுக்கியையும் 20 நிமிடம் தண்ணீரில் கொதிக்க வைத்தால் வைரஸ்களும் பூஞ்சைகளும் பெரும்பாலான பாக்டீரியாக்களும் அழியும். இதற்கு ஒரு பாத்திரமும் அடுப்பும் போதும். இதை விட்டுவிட்டு, நீல ஒளி வீசும் ‘ஸ்டெரிலைசர்’ பெட்டியை நம்புவது பரவலாக இருக்கிறது. புறஊதாக் கதிர் நேர்கோட்டில் செல்வது. கத்தரியின் உட்புறத்துக்கும் சீப்புப் பற்களின் இடுக்குக்கும், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கருவிகளின் அடிப்பக்கத்துக்கும் எட்டாது. மலிவான பெட்டிகள் பலவற்றில் கிருமியைக் கொல்லும் அலைநீளமே இருப்பதில்லை, வெறும் நீல விளக்குதான் எரியும். கழுவி மருந்திட்ட கருவியைத் தூசு படாமல் வைக்கும் அலமாரியாக மட்டும் அந்தப் பெட்டியைக் கருதலாம்.

வேலையின் போக்கில் பார்த்தால், முதலில் வருவது கை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் முன்னும் பின்னும் சோப்பு போட்டு 40 முதல் 60 வினாடி வரை கழுவ வேண்டும். குழாய் இல்லாத கடையில் சாராயக் கைமருந்து உதவும், ஆனால் எண்ணெய் படிந்த கையில் அது சரியாகப் பிடிக்காது. அடுத்தது மேலே போர்த்தும் துணி. ஒரே துணி பலருக்குப் போக நேர்ந்தாலும் அது கழுத்தைத் தொடக் கூடாது. நடுவில் ஒரு காகிதப் பட்டை சுற்றப்பட வேண்டும். துண்டுகள் ஒருவருக்கு ஒன்றாக இருக்க வேண்டும், வெந்நீரில் துவைத்து நன்கு உலர வேண்டும். ஈரம் விடாத துண்டை மடித்து அடுக்கினால் பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

சீப்பும் மிஷினும் ஒரு கடைக்கு ஒரே ஒரு செட் இருந்தால் எந்த விதியையும் பின்பற்ற முடியாது. 10 நிமிடம் ஊற வேண்டிய கருவிக்கு மாற்று இல்லையென்றால் அது ஊறப்போவதில்லை. நான்கைந்து சீப்புகளை வாங்கி, பயன்படுத்தியதற்கு ஒரு பெட்டி, தயாரானதற்கு ஒரு பெட்டி என்று பிரித்து வைப்பது, விலையுயர்ந்த எந்தக் கருவியையும்விட அதிகப் பாதுகாப்பைத் தரும். மிஷினை நீரில் முக்க முடியாது. அதன் பிளேடைக் கழற்றி, பிரஷால் முடியை உதறி, கிருமிநாசினித் தெளிப்பானை அடித்து, அதன் புட்டியில் குறிப்பிட்டுள்ள நேரம் வரை விட்டு, பிறகு எண்ணெய் விட வேண்டும். தெளிக்கும் தண்ணீர்ப் புட்டியை ஒவ்வோர் இரவும் காலி செய்து உலர்த்த வேண்டும், தேங்கிய நீரில் பாக்டீரியா வளரும்.

சவரத்தில் பிளேடு மட்டுமன்றிக் கத்தியின் பிடியும் பள்ளமும் ஒவ்வொரு முறையும் கழுவி மருந்திடப்பட வேண்டும். நுரை எழுப்பும் பிரஷுக்குத் தனி வரலாறே உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில், சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத குதிரைமயிரால் செய்த மலிவு பிரஷ்கள் வழியாக ஆந்திராக்ஸ் பரவி, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சவரம் செய்துகொண்ட படைவீரர்களும் பொதுமக்களும் இறந்தார்கள். இன்று அந்த ஆபத்து இல்லை. ஆனால் ஒருவரின் தாடியைத் தடவிய ஈரப் பிரஷ் அடுத்தவருக்குப் போவது ஸ்டஃபிலோகாக்கஸுக்கு நல்ல வழி. டியூபில் வரும் நுரையைக் கையால் பூசுவது எளிது.

இந்த வரிசையில் தனியாகச் சொல்ல வேண்டியது படிகாரம். கத்தி பட்டுக் கசியும் இரத்தத்தை நிறுத்தத் தேய்க்கும் அதே கல், அடுத்தவரின் சிராய்ந்த கன்னத்திலும் தேய்க்கப்படுகிறது. படிகாரம் இரத்தக் குழாய்களைச் சுருக்கும், சில பாக்டீரியாக்களை ஓரளவு கட்டுப்படுத்தும். ஹெபடைடிஸ் வைரஸை அது அழிக்கும் என்று நம்ப எந்த அடிப்படையும் இல்லை. புது பிளேடு கேட்டு வாங்கும் வாடிக்கையாளர் கல்லைப் பற்றிக் கேட்பதே இல்லை. படிகாரத்தைப் பொடியாக்கி, பஞ்சில் தொட்டு வைத்து, பஞ்சை எறிந்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

பெண்களுக்கான அழகு நிலையங்களில் இடர்கள் வேறு வடிவில் இருக்கின்றன. புருவம் எடுக்கும் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துப் பிடிக்கும் வழக்கத்தால் எச்சில் வாடிக்கையாளரின் தோலுக்கும், அங்கிருந்து திரும்ப வாய்க்கும் வருகிறது. நூலின் முனையைக் கழுத்தில் கட்டிக்கொள்ளும் முறை இதற்கு மாற்று. மெழுகு எடுக்கும் குச்சியை ஒரே ஆளுக்கு மீண்டும் மெழுகில் தோய்த்தால்கூடப் பாத்திரம் முழுதும் மாசுபடும். தோல் தாங்கும் சூடு கிருமியைக் கொல்லாது. உதட்டுச்சாயத்தையும் கண்மையையும் நேரடியாகப் பூசாமல் தட்டில் சிறிது எடுத்து, தனித் தூரிகையால் பூச வேண்டும். பாதக் குளியல் தொட்டி பற்றிய எச்சரிக்கை கலிபோர்னியாவின் வாட்சன்வில் நகரிலிருந்து வந்தது. 2000ஆம் ஆண்டில் அங்குள்ள ஒரே நிலையத்தின் வாடிக்கையாளர்கள் 110 பேருக்குக் காலில் ஆறாத கட்டிகள் வந்தன. குழாய் நீரில் இயல்பாக இருக்கும் மைக்கோபாக்டீரியம் ஃபோர்ச்சூயிட்டம், தொட்டியின் உறிஞ்சு வலைக்குப் பின்னால் அடைந்திருந்த முடியிலும் தோல் கழிவிலும் பெருகியிருந்தது. வருவதற்கு முன் கால் முடியை மழித்திருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. யாரும் வலையைக் கழற்றிச் சுத்தம் செய்திருக்கவில்லை. சுழல் மோட்டார் இல்லாத சாதாரணப் பேசினைப் பயன்படுத்துவது இதனால் மேலானது.

காற்றுவழித் தொற்றைத் தடுக்க முடியும் என்பதற்கும் ஒரு நல்ல சான்று சலூனிலிருந்தே கிடைத்தது. 2020 மே மாதம் அமெரிக்காவின் மிசோரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் கொரோனா அறிகுறிகளோடு வேலை செய்த இரண்டு முடிதிருத்துநர்கள் 139 பேருக்கு முடி திருத்தியிருந்தார்கள். இருதரப்பும் முகக்கவசம் அணிந்திருந்தனர். பரிசோதனைக்கு ஒப்புக்கொண்ட 67 பேரில் ஒருவருக்கும் தொற்று இல்லை. சளி, இருமல் உள்ள நாளில் முகக்கவசம் அணிவதும், காய்ச்சல் என்றால் விடுப்பு எடுப்பதும் இதிலிருந்து நேராகக் கிடைக்கும் விதிகள். விடுப்பு எடுத்தால் கூலி போய்விடும் தொழிலாளிக்கு இரண்டாவது விதியைக் கடைப்பிடிக்க முதலாளியின் ஒத்துழைப்பு வேண்டும்.

இத்தனையிலும் அதிக இடர் தொழிலாளிக்கே. வாடிக்கையாளர் மாதம் ஒருமுறை வருகிறார். முடிதிருத்துநர் நாள் முழுதும் மற்றவர்களின் தோலோடும் கூர்மையான கருவியோடும் இருக்கிறார். ஷாம்பூவிலும் சாயத்திலும் ஊறி வெடித்த கைகள் கிருமிக்குத் திறந்த வாசல். ஈர வேலைக்குக் கையுறையும், வேலை முடிந்ததும் கைக்கு ஈரப்பதக் களிம்பும் ஆடம்பரமல்ல. கழற்றிய பிளேடைக் குப்பைக் கூடையில் போட்டால் துப்புரவுப் பணியாளரின் கை கிழியும். தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வைக்க வேண்டும். கையில் வெட்டு விழுந்தால் காயத்தைப் பிதுக்காமல், வாயில் வைக்காமல், ஓடும் நீரில் சோப்பு போட்டுக் கழுவி மூடிக்கொள்ள வேண்டும். மற்றவரின் இரத்தம் காயத்தில் கலந்திருந்தால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாகத் தொடங்கி, 28 நாட்கள் எடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் பிக்கு முதல் 24 மணி நேரம் முக்கியமானது.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இந்தியாவில் குழந்தைகளுக்கான தேசியத் திட்டத்தில் 2011இல்தான் நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. அதாவது இன்று சலூன்களில் வேலை செய்யும் பெரும்பாலோர் சிறுவயதில் அதைப் போட்டிருக்க வாய்ப்பில்லை. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதத்தில் மூன்றாவது என்று மூன்று தவணையில் பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம். ஹெபடைடிஸ் சிக்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் 12 வார மாத்திரையில் பெரும்பாலோருக்கு முற்றிலும் குணமாகிறது. 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இரண்டு ஹெபடைடிஸுக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மையங்களில் இலவசம். கத்தி பிடிக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறை பரிசோதித்துக்கொண்டு, தொற்று இல்லையென்றால் மூன்று தவணை ஊசியையும் தவறாமல் முடித்துக்கொள்ள வேண்டும்.